சம்பளம் இல்லாத ட்ரெய்னிங்குக்கு கூப்பிடுறாங்களா? சேர்றதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துக்கோங்க

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் படிச்சு முடிச்சுட்டு வேலை தேடுறவங்க எல்லாரும் இத ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க. "மொதல்ல மூணு மாசம் ட்ரெய்னிங், அதுக்கு சம்பளம் கெடையாது, வேலை பழகிட்டீங்கன்னா அப்புறம் போட்டுக் குடுத்துருவோம்." ஜவுளிக்கடை பில்லிங்ல இருந்து ஆஸ்பத்திரி ரிசப்ஷன், ஆடிட்டர் ஆபீஸ், கானாடுகாத்தான் பக்கம் பழைய பெரிய வீட்ட ஹோட்டலா மாத்தின எடம் வரைக்கும் இதே பேச்சுதான். நான் பி.காம் முடிச்சுட்டு ஒரு அக்கவுண்ட்ஸ் ஆபீஸ்ல இப்படித்தான் சேர்ந்தேன், சொன்ன மாசம் முடிஞ்சும் ட்ரெய்னிங் முடியல, பணத்தைப் பத்திக் கேக்க எந்த ஆபீஸுக்குப் போறது, என்ன பேப்பர் கொண்டு போறதுன்னு சொல்றதுக்கு ஆள் இல்லாம ரொம்ப அலைஞ்சேன். அடுத்து வர்றவங்க அலையக் கூடாதுன்னுதான் இத எழுதுறேன்.

எல்லா ட்ரெய்னிங்கையும் வேணாம்னு சொல்லல. சிலது நெஜமாவே உங்களுக்கு லாபம். எது லாபம் எது உழைப்ப சும்மா வாங்குற வேலைன்னு சேர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கணும், அவ்ளோதான்.

1. மொதல்ல அது எந்த வகை ட்ரெய்னிங்னு கேளுங்க

"ட்ரெய்னிங்"னு ஒரே வார்த்தையில சொல்லுவாங்க, ஆனா சட்டத்துல அதுக்குள்ள பெரிய வித்தியாசம் இருக்கு.

முதல் வகை, 1961 அப்ரெண்டிஸ் சட்டப்படி பதிவு பண்ணின அப்ரெண்டிஸ். இதுல உங்க பேர்ல அரசோட அப்ரெண்டிஸ் ஆன்லைன் போர்ட்டல்ல ஒப்பந்தம் ஏறும், உங்களுக்கு ஒரு ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் வரும், ஸ்டைபண்ட், அதாவது மாச உதவித்தொகை, கட்டாயம். 2019ல திருத்தின விதிப்படி மாசத்துக்கு குறைஞ்சது பத்தாவது பாஸுக்கு 6,000, பன்னெண்டாவதுக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000 ரூபா. சேர்ற நேரத்துல போர்ட்டல்ல என்ன தொகை போட்டிருக்கோ அதப் பாத்துக்கோங்க. ஒரு மாச ஸ்டைபண்ட் அடுத்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள வந்துரணும். 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எடம்னா அப்ரெண்டிஸ் எடுக்குறதே கட்டாயம், 4 பேர்ல இருந்து 29 பேர் வரைக்கும் உள்ள எடம் விருப்பப்பட்டா எடுக்கலாம். அதனால "எங்கள மாதிரி சின்ன கடைக்கெல்லாம் அது கெடையாதுப்பா"ன்னு சொன்னா அப்படியே நம்பிடாதீங்க, 4 பேர் இருந்தாலே வழி இருக்கு, ஸ்டைபண்ட்ல ஒரு பங்க மத்திய அரசு குடுக்குற திட்டமும் இருக்கு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்ரெண்டிஸ் முடிச்சா அங்கயே வேலை குடுத்தே ஆகணும்னு சட்டத்துல இல்ல.

ரெண்டாவது, படிப்போட சேர்ந்த பயிற்சி. கேட்டரிங், நர்சிங், பாலிடெக்னிக் படிக்கிறவங்க காலேஜ் லெட்டரோட போறது. இதுல காலேஜ் பொறுப்பு இருக்கு, முடிவு தேதியும் இருக்கு.

மூணாவது, சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது சி.ஏ. படிக்கிறவங்க ஆடிட்டர்கிட்ட எடுக்குற பயிற்சி. இது காமர்ஸ் படிச்சவங்க குழம்புற எடம். ஆடிட்டர் ஆபீஸ்ல உக்காந்தா எல்லாம் ஆர்ட்டிகிள்ஷிப் ஆகிடாது. சி.ஏ. இன்ஸ்டிடியூட்ல 103ஆம் நம்பர் ஃபார்ம் போட்டு பதிவு ஆகணும், அதுக்கு இன்ஸ்டிடியூட்டே குறைஞ்சபட்ச ஸ்டைபண்ட் வெச்சிருக்கு. நீங்க சி.ஏ. இன்டர்மீடியட் பக்கமே போகலன்னா உங்களுக்கு அங்க குடுக்குறது வெறும் "ட்ரெய்னி" பேர்தான்.

நாலாவது, இந்த மூணுலயும் சேராத வாய்வழி ட்ரெய்னிங். நம்ம பக்கம் பெரும்பாலும் இதுதான். 2025 நவம்பர் 21ல இருந்து அமல்ல இருக்குற ஊதியச் சட்டத் தொகுப்பு, பயிற்சியில இருக்குறவங்கள்ல அப்ரெண்டிஸ் சட்டத்துக்குக் கீழ சேர்ந்தவங்கள மட்டும்தான் தொழிலாளிங்கிற கணக்குல இருந்து வெளிய வெக்குது. ஒரு முதலாளி உங்கள "ட்ரெய்னி"ன்னு கூப்பிட்டதால மட்டும் கூலி குடுக்க வேணாம்னு ஆகிடாது, நீங்க அங்க என்ன செய்றீங்கங்கிறதுதான் பேசும்.

2. கத்துக்கப் போறீங்களா, வேலை பாக்கப் போறீங்களா

இத நீங்களே கண்டுபுடிக்கலாம். ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க. நாளைக்கு நான் வரலன்னா அங்க யாருக்காவது வேலை நிக்குமா? நிக்கும்னா நீங்க வேலை பாக்குறீங்க, அதுக்குக் கூலி வரணும்.

அக்கவுண்ட்ஸ் ஆபீஸ சொல்றேன், எனக்கு நல்லாத் தெரிஞ்சது. முதல் வாரம் டேலிங்கிற கணக்கு சாஃப்ட்வேர்ல எப்படி லெட்ஜர் போடுறது, பர்ச்சேஸ் பில்ல எது சிஜிஎஸ்டி எது ஐஜிஎஸ்டின்னு பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுப்பாங்க. நெஜமாவே ட்ரெய்னிங். அப்புறம் கட்டுக் கட்டா பில்லு மேசைக்கு வரும், மஞ்சப்பையில சணல் கட்டி, மளிகைக்கடை பில்லு, ஹார்டுவேர்ஸ் பில்லு, சிலது மை அழிஞ்சு நம்பரே தெரியாது, அத வெளிச்சத்துல புடிச்சுப் பாத்து ஒவ்வொண்ணா அடிக்கணும். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட மாசாமாசம் கடைசி நாள் இருக்கு, 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி. அந்த ரெண்டு தேதிக்கு முன்னாடி நாள் ராத்திரி ட்ரெய்னிங்கும் கெடையாது, சொல்லிக் குடுக்க ஆளும் கெடையாது, எல்லாரும் என்ட்ரி போட்டுக்கிட்டு இருப்பாங்க, அந்த என்ட்ரிக்கு ஆபீஸ் கஸ்டமர்கிட்ட ஃபீஸ் வாங்கும். உங்க கை வேலைக்கு வெளிய பில்லு போகுதுன்னா அது பயிற்சி இல்ல.

இதுக்கு நேர் எதிரா ஆத்தங்குடி கல் பட்டறையப் பாருங்க. கண்ணாடி மேல சட்டத்த வெச்சு, அச்சுக்குள்ள கலர் சிமெண்ட கரண்டில ஊத்தணும், அது கட்டத்த தாண்டி வழியக் கூடாது, அச்ச தூக்கும்போது கை ஆடக் கூடாது, அப்புறம்தான் மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் பண்ணி தண்ணித் தொட்டியில போடுறது. புதுசா வர்றவர் ஊத்துற கல்லு வித்துக் காசாகாது, சிமெண்டும் கலரும் வீணாகும், சொல்லிக் குடுக்குறவரோட கூலியும் அந்த நேரத்துக்கு போகும். இங்க கொஞ்ச நாளைக்கு காசு இல்லன்னு சொன்னா அதுல நியாயம் இருக்கு. நீங்க கேக்க வேண்டியது "எத்தனை நாள்ல இருந்து கல்லுக் கணக்குக் கூலி ஆரம்பிக்கும், உடையாம தேறின கல்லுக்கு முதல் நாள்ல இருந்தே குடுப்பீங்களா" அப்படிங்கறதுதான்.

ஜவுளிக்கடையில சேலை மடிக்க, கஸ்டமருக்கு எடுத்துக் காட்ட மூணு மாசப் பயிற்சி தேவையான்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. என் அபிப்ராயம், பில்லிங், சேல்ஸ், ரிசப்ஷன், டேட்டா என்ட்ரி இதுக்கெல்லாம் சும்மா பாக்கலாம்னா அதிகபட்சம் ஒரு வாரம், அதுக்கு மேல ஒத்துக்காதீங்க.

3. உங்க கைக்காசு எவ்ளோ போகும்னு எழுதிப் பாருங்க

சம்பளம் இல்லன்னா பூஜ்யம்னு நெனைக்காதீங்க, அது மைனஸ். புதுவயல்ல இருந்து காரைக்குடிக்கு தினம் வர்ற ஒருத்தருக்கு பஸ்ஸு, ஷேர் ஆட்டோ, மத்தியானச் சாப்பாடு, டீ எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு 120 ரூபான்னு வெச்சுக்கோங்க, மாசத்துக்கு 26 நாளுன்னா 3,120, மூணு மாசத்துக்கு 9,360. இது வெறும் கைச்செலவு. கடையில யூனிஃபார்ம், ஷூ கேட்டா அது தனி. பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ல டிக்கெட் இல்லங்கறதால கொறையும், ஆனா அந்த பஸ் உங்க டூட்டி முடியுற நேரத்துக்கு இருக்கான்னு பாத்துக்கோங்க, ராத்திரி ஒன்பதுக்கு மேல கடை சாத்தினா அப்பா வண்டிய எடுத்துக்கிட்டு வரணும், அதுக்கும் பெட்ரோல்.

அதே மூணு மாசத்துல வேற எங்கயாவது சம்பளத்துக்குப் போயிருந்தா என்ன வந்திருக்கும்னு பக்கத்துல எழுதுங்க. ரெண்டையும் கூட்டினா வர்றதுதான் இந்த ட்ரெய்னிங்குக்கு நீங்க கட்டுற ஃபீஸ். அந்த ஃபீஸுக்கு வெளியில ஒரு டேலி கோர்ஸோ, டைலரிங் கோர்ஸோ, ஏசி மெக்கானிக் கோர்ஸோ முடிச்சு சர்டிஃபிகேட்டும் வாங்கிரலாம்னா யோசிங்க.

4. எந்த மாசத்துல கூப்பிடுறாங்கன்னு பாருங்க

இத யாரும் சொல்ல மாட்டாங்க. ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் முன்னாடி வர்ற மாசத்துல ஜவுளிக்கடையில "ட்ரெய்னிங்" அதிகமா இருக்கும். பலகாரக் கடையில தீபாவளிக்கு முன்னாடி முறுக்கு, அதிரசம், மனகோலம் ஆர்டர் குவியும்போது ஆள் கூப்பிடுவாங்க. பெரிய வீட்டு ஹோட்டல்கள்ல வெளிநாட்டுக்காரங்க வர்ற சீசன் மார்கழி, தை. சீசன் ஆரம்பிக்கும்போது சேத்து, சீசன் முடிஞ்சதும் "இன்னும் பழகலையே"ன்னு அனுப்பிட்டா நீங்க மொத்த சீசனையும் சும்மா பாத்துக் குடுத்திருக்கீங்க. போன வருஷம் இதே மாதிரி சேர்ந்தவங்க எத்தனை பேர் இப்ப சம்பளத்துல இருக்காங்கன்னு கேளுங்க, முதலாளிகிட்ட இல்ல, அங்க வேலை பாக்குற ஆச்சிகிட்டயோ வாட்ச்மேன் அண்ணன்கிட்டயோ கேளுங்க.

5. எழுத்துல வாங்க வேண்டியது

வாய் வார்த்தைக்கு முடிவு தேதி கெடையாது. லெட்டர்பேடுல, சீல் வெச்சு, கையெழுத்தோட ஒரு பக்கம் போதும். அதுல இருக்க வேண்டியது: ஆரம்பத் தேதி, முடியுற தேதி, தினம் எத்தனை மணி நேரம், வார லீவு எந்த நாள், என்ன சொல்லிக் குடுப்பாங்க, யார் சொல்லிக் குடுப்பாங்க, முடிஞ்சதும் சம்பளம் எவ்ளோ. கடைசி ரெண்டும்தான் முக்கியம். சொல்லிக் குடுக்குற ஆளு பேரே சொல்ல முடியலன்னா அங்க பயிற்சி இல்லன்னு அர்த்தம்.

ஒரு வரிய மட்டும் தேடிப் பாருங்க. "பயிற்சிக் காலம் நிர்வாகத்தின் விருப்பப்படி நீட்டிக்கப்படலாம்." எனக்குக் குடுத்த பேப்பர்ல இது நாலாவது வரியா, மத்த வரியோட வரியா சாதாரணமா இருந்துச்சு, நீட்டிச்சதுக்கெல்லாம் அந்த ஒரு வரியத்தான் காட்டினாங்க. இருந்தா அடிச்சுட்டு "நீட்டிக்கும் பட்சத்தில் அந்தக் காலத்துக்கு முழுச் சம்பளம் வழங்கப்படும்"னு எழுதச் சொல்லுங்க.

லெட்டர் தர மாட்டோம்னா வாட்ஸ்அப்ல நீங்களே அனுப்புங்க. "சார், நேத்து பேசினபடி இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும் ட்ரெய்னிங், அப்புறம் மாசம் இவ்ளோ சம்பளம், சரிதானே"ன்னு. அதுக்கு "ஓகே"ன்னு ஒரு பதில் வந்தாலே அது சாட்சி. நம்ம ஊர்க்காரங்க பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கணக்கெழுதப் போன காலத்துலயே சம்பளச்சீட்டு எழுதித்தான் ஆள் அனுப்புவாங்க, எழுதிக் கேக்குறது மரியாதைக் கொறைவுன்னு யாராவது சொன்னா கூச்சப்படாதீங்க.

6. குடுக்கக் கூடாதது

ஒரிஜினல் சர்டிஃபிகேட். டிசி, மார்க் ஷீட், டிகிரி எதுவும் குடுக்காதீங்க. காட்டுங்க, சரிபாத்ததும் கையோட வாங்கிக்கோங்க. ஜெராக்ஸ் குடுக்கும்போது குறுக்கால "இன்ன இடத்தில் பயிற்சிக்காக மட்டும்"னு எழுதி தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க. ஆதார் கேட்டா முதல் எட்டு நம்பர் மறைஞ்ச மாஸ்க்டு ஆதார் டவுன்லோடு பண்ணிக் குடுத்தா போதும்.

டெபாசிட். ட்ரெய்னிங் கிட், யூனிஃபார்ம், ஐடி கார்டு, "ரீஃபண்டபிள்"னு என்ன பேர் சொன்னாலும் வேலை குடுக்குறவங்க உங்ககிட்ட காசு கேட்டா எந்திரிச்சு வந்துருங்க.

வெத்து முத்திரைத்தாள், பிளாங்க் செக். கேட்டா அங்க சேரவே சேராதீங்க.

பாண்டு, அதாவது இடையில நிக்க மாட்டேன், நின்னா பணம் கட்டுறேன்னு எழுதிக் குடுக்குறது, இதப் பத்தி ரெண்டு பக்கமும் தப்பாப் பேசுறாங்க. "பாண்டெல்லாம் செல்லாது, சும்மா கையெழுத்துப் போடு"ன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்லுவாங்க. அப்படி இல்ல. 1872 ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவுப்படி வேலைய விட்ட பிறகு வேற எங்கயும் வேலைக்குப் போகவே கூடாதுன்னு எழுதி வாங்கினா அது செல்லாது. ஆனா இத்தனை வருஷம் இருக்கேன், இடையில போனா இவ்ளோ கட்டுறேன்னு எழுதினது செல்லும்னு 2025 மே மாசம் ஒரு வங்கி ஊழியர் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அங்க தொகை ரெண்டு லட்சம். அதே சமயம் 74ஆம் பிரிவுப்படி நியாயமான நஷ்டஈடுதான் வாங்க முடியும், எழுதின தொகை அப்படியே கெடைச்சிரும்னு இல்ல. சம்பளமே குடுக்காம, செலவே பண்ணாம, சேலை மடிக்கச் சொல்லிக் குடுத்துட்டு ஒரு லட்சம் பாண்டு கேக்குற எடத்துல கையெழுத்துப் போடாதீங்க, பின்னாடி கோர்ட்ல ஜெயிக்கலாம்னாலும் அலையப் போறது நீங்கதான்.

7. எப்படிப் பேசுறது

நம்ம பக்கம் பெரும்பாலும் யாரோ தெரிஞ்சவங்க சொல்லித்தான் வேலைக்குப் போறோம், மாமா சொன்ன எடம், கோயில்ல பழக்கமானவங்க கடை, அதனாலயே காசு பேச வாய் வராது. இப்படிச் சொல்லிப் பாருங்க. "அண்ணே, வேலை பழகுறதுக்கு எனக்கு ரொம்ப இஷ்டம். ஒரு வாரம் சும்மா வர்றேன், நீங்களும் என்னையப் பாருங்க. அதுக்கப்புறம் பாதிச் சம்பளமாவது போட்டுருங்க, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகணும்ல." முழுச் சம்பளம் கேக்கலன்னாலும் பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் கண்டிப்பா கேளுங்க. ஆள் வேணும்னா நெறைய பேர் இதுக்கு ஒத்துக்குவாங்க. அதுக்கே கோவப்படுற எடத்துல நாளைக்கு லீவு கேட்டா என்ன ஆகும்னு பாத்துக்கோங்க.

8. காசு வாங்காம சொல்லிக் குடுக்குற வேற எடங்களையும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க

மாவட்டத்துக்கு ஒண்ணா வங்கி நடத்துற ஆர்செட்டிங்கிற சுயதொழில் பயிற்சி மையம் இருக்கு, சிவகங்கை மாவட்டத்துக்கும் உண்டு. டைலரிங், பியூட்டீஷியன், செல்போன் சர்வீஸ் மாதிரி குறுகிய காலப் பயிற்சி, ஃபீஸ் கெடையாது, சாப்பாடும் தங்குறதும் அவங்க செலவு. அரசு ஐடிஐ-ல சேர்ந்தா மாசம் 750 ரூபா உதவித்தொகை. நான் முதல்வன் தளத்துலயும் இலவச கோர்ஸ் இருக்கு. சேர்க்கை வருஷத்துல சில மாசம்தான் நடக்கும், அதனால கடைக்காரருக்கு பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுருங்க.

9. சேர்ந்துட்டீங்கன்னா முதல் நாள்ல இருந்து

ஒரு நோட்டு போடுங்க. தேதி, உள்ள போன நேரம், வெளிய வந்த நேரம், அன்னைக்கு என்ன செஞ்சீங்க. பெருசா எழுத வேணாம், "பில் என்ட்ரி, ராத்திரி 8.30"ன்னு ஒரு வரி. அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர்ல உங்க பேர் இருந்தா மாசத்துக்கு ஒரு தடவை ஃபோட்டோ எடுங்க. வேலை சொல்லி வர்ற வாட்ஸ்அப் மெசேஜ், வாய்ஸ் நோட்டு எதையும் அழிக்காதீங்க. தமிழ்நாடு கடைகள் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம், கடையில உக்கார எடம் குடுக்கணும்னு 2021ல திருத்தமும் வந்திருக்கு. ட்ரெய்னின்னா நாள் முழுக்க நிக்கணும்னு எதுவும் இல்ல.

பெண்கள் இதத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. பணியிடப் பாலியல் தொல்லை தடுப்புச் சட்டத்துல, 2013ல வந்தது, ட்ரெய்னியும் அப்ரெண்டிஸும் சம்பளம் வாங்காதவங்களும் சேர்ந்தவங்கதான். 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எடத்துல உள்புகார் குழு இருக்கணும், இல்லாத எடம்னா மாவட்ட அளவுல குழு இருக்கு. மூணு மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும்.

10. சொன்ன தேதி முடிஞ்சும் இழுத்தா

முடிஞ்ச அன்னைக்கே எழுத்துல கேளுங்க. ஒரு வாரம் பாத்துட்டு, நாள் கணக்கும் தொகையும் எழுதி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீத வெச்சுக்கோங்க. அதுக்கும் பதில் இல்லன்னா தொழிலாளர் துறை ஆபீஸ். இங்க ஒரு குழப்பம் வரும். செட்டிநாடு ஊருங்க சிவகங்கை, புதுக்கோட்டைன்னு ரெண்டு மாவட்டத்துலயும் இருக்கு, உங்க வீடு எங்க இருக்குன்னு பாக்க மாட்டாங்க, கடை எந்த மாவட்டமோ அந்த ஆபீஸ்லதான் வாங்குவாங்க. கானாடுகாத்தான், காரைக்குடின்னா சிவகங்கை. தெரியாமப் போனா ஒரு நாள் பஸ் செலவு வீண்.

கொண்டு போக வேண்டியது: மனு ரெண்டு காப்பி, ஒண்ணுல சீல் வெச்சு வாங்கிக்கணும், ட்ரெய்னிங் லெட்டர் இல்ல வாட்ஸ்அப் பிரிண்ட், உங்க நோட்டோட ஜெராக்ஸ், ஸ்பீட் போஸ்ட் ரசீது, ஆதார் காப்பி, கடையோட முழு விலாசம். கடை போர்டுல இருக்குற பேரும் பில்லுல இருக்குற பேரும் வேற வேறயா இருக்கும், பில்லு ஒண்ணு வெச்சிருந்தா ஜிஎஸ்டி நம்பரோட சரியான பேர் அதுல இருக்கும். முன்னாடி சொன்ன ஊதியச் சட்டத் தொகுப்புப்படி கூலி பாக்கி கேக்க மூணு வருஷம் டைம் இருக்கு, ஆனா ஆறின பிறகு சாட்சி கெடைக்காது, சூட்டோட போங்க.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு குடுக்கலாம், முதலமைச்சர் உதவி எண் 1100க்கு ஃபோன் பண்ணியும் பதியலாம், ரெண்டும் கடைசியில தொழிலாளர் துறைக்குத்தான் வரும். வக்கீல் வேணும்னா 15100, இலவச சட்ட உதவி. பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் வருமானம் பாக்காமலே கெடைக்கும்.

வெளிய வர்றப்போ காசு பேச்சு என்ன ஆனாலும் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் கேட்டு வாங்கிருங்க. சேர்ந்த தேதியும் விட்ட தேதியும் இருக்கணும். "ட்ரெய்னி"ன்னு மட்டும் போடாம டேலி என்ட்ரி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், பில்லிங்னு என்ன பாத்தீங்களோ அத ஒரு வரி சேத்து எழுதச் சொல்லுங்க, அடுத்த எடத்துல "மறுபடியும் மூணு மாசம் ட்ரெய்னிங்"னு ஆரம்பிச்சா அந்த வரியக் காட்டித்தான் சம்பளம் பேச முடியும்.